ஒரே கிட்டாரில் எல்லாம் வாசிக்க: பிக்கப் மாற்றிய அனுபவம்

இரண்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைவதை நிறுத்த வேண்டும். இந்த வேலை அங்கேதான் தொடங்கியது. ஒரே நிகழ்ச்சியில் மெல்லிய ஆர்பெஜியோ வரும், ஃபங்க் ரிதம் வரும், அடுத்த பாட்டிலேயே முழு டிஸ்டார்ஷனில் பவர் கார்டு வரும். தந்தியின் அசைவை மின்சிக்னலாக மாற்றுவது பிக்கப். அதில் ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் கிட்டாரில் முதல் இரண்டும் இனிக்கும், மூன்றாவதில் இரைச்சல் தாங்காது. இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர் கிட்டாரில் மூன்றாவது தூக்கி அடிக்கும், ரிதம் மந்தமாகிவிடும். பாட்டுக்கு நடுவே கிட்டாரை மாற்றுவது, மறுபடி ட்யூன் பார்ப்பது, ஆம்பில் வால்யூமைத் திருத்துவது என்று கவனம் முழுக்க வாசிப்பை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே ஒரே கிட்டார், அதில் நான் உண்மையிலேயே வாசிக்கும் ஒலிகள் மட்டும் என்று முடிவெடுத்தேன். வேலை முடிய ஆறு வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் தவறான பிக்கப்போடு போனது. அந்த இரண்டு வாரத்தில்தான் அதிகம் கற்றேன் என்பதால் அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிட்டார்

பிக்கப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பொட் (வால்யூம், டோன் நாப்களின் அடியில் இருக்கும் மாறுமின்தடை), ஸ்விட்ச், ட்யூனர், ஏன், தந்தியின் கீழ் முனையைத் தாங்கும் பிரிட்ஜைக்கூட மாற்றலாம். கை பிடிக்கும் நெக்கின் பருமன், ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் பகுதியின் நீளம்), மரத்தில் வெட்டியிருக்கும் பள்ளம், இந்த மூன்றும் கடைசிவரை கூடவே வரும். அதனால் பழைய கிட்டார் ஒன்றைப் பார்க்கப் போனபோது ஆம்ப் பக்கமே போகவில்லை. பிளக் செய்யாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்தேன். எலக்ட்ரிக் கிட்டாரை அப்படி வாசித்தால் மெல்லிய ஒலிதான் வரும், ஆனால் குறைகள் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திப் பார்த்தேன். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே முதல் தந்தியை இழுத்து வளைத்தபோது சுரம் நடுவில் செத்துப்போகிறதா என்று கவனித்தேன். இழுவையில் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் முட்டினால் அப்படித்தான் அறுந்துபோகும். இதில் அந்தக் குறை இல்லை. பாடியின் அடியிலிருந்து நெக்கின் ஓரத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் லேசான முன்வளைவு மட்டும் தெரிந்தது. நெக்கின் வளைவைத் திருத்தும் டிரஸ் ராடும் இரண்டு பக்கமும் சுலபமாகத் திரும்பியது.

ஸ்கேல் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஃபெண்டர் கிட்டார்களின் வழக்கம் 25.5 அங்குலம், அதாவது 648 மிமீ. கிப்சன் வழக்கம் 24.75 அங்குலம், சுமார் 629 மிமீ. இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அதே தந்தி, அதே சுருதி என்றால் நீளமான ஸ்கேலில் இழுவிசை கூடும். கீழ்ச்சுருதித் தந்தி இறுக்கமாகப் பேசும், பெண்ட் செய்ய, அதாவது தந்தியை இழுத்து வளைக்க, கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். எனக்கு ரிதம்தான் பாதி வேலை என்பதால் 25.5-ஐ எடுத்தேன். பெண்ட் அதிகம் வாசிப்பவர் என்றால் குட்டை ஸ்கேல் பக்கம் சாய்வதில் தவறே இல்லை.

பிக்கப் அமைப்பில்தான் நெடுநாள் யோசித்தேன். 1954-இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வந்தபோது மூன்று சிங்கிள் காயிலும் மூன்று நிலை ஸ்விட்சும்தான் இருந்தன. வாசித்தவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் அந்த மணி போன்ற ஒலியைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே ஐந்து நிலை ஸ்விட்ச் போட 1977 வரை ஆனது. அந்த நடு ஒலிகள் எனக்குக் கட்டாயம் வேண்டும். ஆகவே இரண்டு ஹம்பக்கர் மட்டும் உள்ள அமைப்பை விட்டேன். ஸ்ப்ளிட் செய்தால், அதாவது ஹம்பக்கரின் ஒரு காயிலை மட்டும் வேலை செய்யவைத்தால், ஓரளவு கிடைக்கும், ஆனால் நெக் பக்கத்துச் சிங்கிள் காயிலின் தெளிவு அதில் வராது. கடைசியில் பிரிட்ஜில் ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில். விற்றவரிடம் கேட்டு, முகப்புத் தகடான பிக்கார்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் அளவுக்குப் பள்ளம் ஏற்கெனவே இருந்தது. மரத்தைக் குடைய வேண்டாம் என்று தெரிந்த பிறகுதான் வாங்கினேன்.

தவறான ஹம்பக்கர்

வீட்டில் திறந்ததும் முதல் வேலையாக உள்ளே இருந்த வயரிங்கை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். அப்புறம் மல்டிமீட்டர். வால்யூம் பொட்டில் 250 கிலோஓம் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 221 காட்டியது. இவற்றில் 20 சதவீதம்வரை கூடுவதும் குறைவதும் சகஜம். பழைய சிங்கிள் காயில்களின் அடியில் தட்டையான செராமிக் காந்தம் ஒட்டியிருந்தது, மேலே தந்திக்கு ஒன்றாகத் தெரியும் துருவங்கள் வெறும் இரும்பு. சத்தம் வரும், ஆனால் நான் தேடிய மணி ஒலி அதில் இல்லை.

பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே அளந்தேன், 52.5 மிமீ. பழைய பாணி ஹம்பக்கர்களின் துருவ இடைவெளி 49, 50 மிமீ. அதை இங்கே போட்டால் இரண்டு ஓரத் தந்திகளும் துருவத்தின் விளிம்புக்குப் போய்விடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அகலமான வடிவத்தையும் தருகிறார்கள். இதைக் கவனித்து வாங்கினேன். இதில் எல்லாம் சரியாக இருந்தும் முக்கியமானதில் தவறினேன்.

கனமான ஒலிக்குத்தானே ஹம்பக்கர், நன்றாகவே கனமாக இருக்கட்டும் என்று 16 கிலோஓம் உள்ள ஒன்றை எடுத்தேன். தனியாக வாசித்தபோது பிரமாதமாக இருந்தது. டிஸ்டார்ஷனில் சுவர் போல நின்றது. சிக்கல் ஸ்விட்சைத் தள்ளியபோது தொடங்கியது. நெக்கில் சுத்தமான கார்டு வாசித்துவிட்டு பிரிட்ஜுக்குத் தள்ளினால் சத்தம் திடீரென்று எகிறும். பிரிட்ஜுக்கு ஏற்றபடி ஆம்பை வைத்தால் நெக் காணாமல் போகும். சிங்கிள் காயிலை எவ்வளவு உயர்த்தினாலும் எட்டவில்லை. இரண்டு வாரம் ஆம்ப், பெடல் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். குறை எதிலும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பிக்கப்போடு ஒத்துப்போகாத பிக்கப்பை நான் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லாரும் கிலோஓமைப் பார்த்துத்தான் பிக்கப்பின் பலத்தை எடைபோடுகிறோம். அது கம்பியின் மின்தடை மட்டுமே. மெல்லிய கம்பியைச் சுற்றினால் சுற்று கூடாமலே ஓம் கூடிவிடும். ஒலியை நேரடியாகத் தீர்மானிப்பது இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் தன்மை), அதை ஹென்றியில் அளக்கிறார்கள். பழைய பாணி ஸ்ட்ராட் சிங்கிள் காயிலில் 2 முதல் 2.5 ஹென்றி இருக்கும். பழைய பாணி ஹம்பக்கரில் 4 முதல் 5. நான் வாங்கிய வகையில் 8-ஐ ஒட்டி இருக்கும். பிக்கப்பின் இன்டக்டன்ஸும் கேபிளின் கபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் மேடு போல எழும்பும், அதற்கு மேலே ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். கேபிள் மீட்டருக்குத் தோராயமாக 100 பிகோஃபாரட் என்று வைத்து, 5 மீட்டர் கேபிளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.3 ஹென்றி சிங்கிள் காயிலுக்கு மேடு 4.7 கிலோஹெர்ட்ஸ் அருகே வருகிறது. 4.5 ஹென்றிக்கு 3.4. 8 ஹென்றிக்கு 2.5. பளிச்சென்ற ஒலி எங்கே போனது என்று இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அதைக் கழற்றிவிட்டு 8.1 கிலோஓம் உள்ள அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த வகை) ஹம்பக்கரைப் போட்டேன். நடுவிலும் நெக்கிலும் அல்னிகோ கம்பிக் காந்தம் உள்ள சிங்கிள் காயில்கள், நெக் 5.9 கிலோஓம், நடு 6.1. நடுப் பிக்கப்பில் சுற்றும் காந்தமும் தலைகீழாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். கனமான ஒலி குறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. குறையவில்லை. ஆம்பில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, கொஞ்சம் கூட்டியதும் வந்துவிட்டது. கார்டின் ஒவ்வொரு சுரமும் முன்பைவிடத் தனித்தனியாகக் கேட்கிறது. பல வகை வாசிக்க விரும்புபவருக்கு நடுத்தர பலமுள்ள ஹம்பக்கர்தான் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. கெயினை வெளியே சேர்க்கலாம், பிக்கப் விழுங்கிவிட்ட மேல் அதிர்வெண்களை வெளியே சேர்ப்பது கடினம்.

ஃபேஸ் சோதனையும் திசைகாட்டியும்

வேறு வேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்பை ஒரே கிட்டாரில் போடுகிறவர்கள் வயர்களை ஈயம் வைத்து இணைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஃபேஸ் என்பது எல்லாப் பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்பது. பிக்கப்பின் ஹாட்டையும் (சிக்னல் போகும் வயர்) கிரவுண்டையும் எல்லாப் பிக்கப்புக்கும் ஒரே முறையில் மல்டிமீட்டரில் மாட்டி, டிசி 200 மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு முனையைத் துருவங்களின் மேல் ஒட்டவைத்து, வெடுக்கென்று மேலே இழுங்கள். எண் ஒரு நொடி கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ துள்ளும். எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

என்னுடைய நெக்கும் நடுவும் கூட்டலில் துள்ளின. ஹம்பக்கர் கழித்தலில். மூன்று முறை செய்து பார்த்தேன், மாறவில்லை. அப்படியே இணைத்திருந்தால் பிரிட்ஜும் நடுவும் சேரும்போது ஒன்றையொன்று வெட்டி, மூக்கால் பேசுவது போன்ற வற்றிய ஒலிதான் வந்திருக்கும்.

நாலு வயர் ஹம்பக்கர் வாங்கியது இங்கே கைகொடுத்தது. இரண்டு காயிலின் இரண்டிரண்டு முனைகளும் தனித்தனியாக வெளியே வருகின்றன, உறையில்லாத கம்பி ஒன்று கிரவுண்டுக்கு. பிக்கப் தயாரிப்பாளர்களில் சீமோர் டங்கன் வழக்கத்தில் கருப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்க வேண்டும். டிமார்சியோ வழக்கத்தில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கருப்பும் வெள்ளையும் ஒன்றாக. நிறத்தை நம்பி ஒருவர் படத்தை இன்னொருவர் பிக்கப்புக்குப் போட்டால் வேலை கெட்டுவிடும். நான் ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றினேன். உறையில்லாத கம்பி மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். அது ஹாட்டோடு போனால் உலோக அடித்தட்டே இரைச்சலைப் பிடிக்கும் ஆன்டெனாவாகிவிடும்.

ஃபேஸ் சரியாகிவிட்டது, ஆனால் அந்த மாற்றமே அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. அதைச் சொல்ல, ஹம்பக்கர் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1955-இல் கிப்சனில் சேத் லவர் உருவாக்கிய யோசனை இதுதான்: இரண்டு காயில், ஒன்றின் காந்தம் வடக்கு, மற்றதன் காந்தம் தெற்கு, சுற்றும் எதிரெதிர். தந்தியின் அசைவு இரண்டிலும் ஒரே திசையில் கூடுகிறது. மின்சாரத்திலிருந்து வரும் ஹம் என்ற ரீங்காரம் காந்தத்தைச் சார்ந்ததல்ல, சுற்றை மட்டும் சார்ந்தது. ஆகவே அது எதிரெதிராக வந்து அழிந்துபோகிறது. இரண்டு சிங்கிள் காயிலைச் சேர்க்கும்போதும் இதே விதி. ஒலியில் ஒரே ஃபேஸ், காந்தத்தில் எதிர்த் துருவம் என்றால் ஹம் அழியும்.

ஆகவே சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் பிடித்தேன். நெக் வடக்கு, நடு தெற்கு. ஹம்பக்கரில் நெக்கைப் பார்த்த பக்கத்துக் காயில் வடக்கு, பிரிட்ஜ் ஓரம் ஸ்க்ரூ உள்ள காயில் தெற்கு. ஊசி ஒரு காயிலிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும்போதே சட்டென்று சுழன்று திரும்பும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை விரல் தூரம்கூட இல்லை.

ஸ்ப்ளிட் செய்ய எல்லாரும் சொல்வது, இரண்டு காயிலும் சேரும் லிங்க்கைக் கிரவுண்டில் போடு என்பது. அப்படிச் செய்தால் ஹாட் பக்கத்துக் காயில் மட்டும் மிஞ்சும். நான் முனைகளை மாற்றியதால் இப்போது ஹாட் பக்கம் இருப்பது தெற்கு. நடுப் பிக்கப்பும் தெற்கு. இரண்டும் சேர்ந்தால் ஹம் அழியாது, கூடும். எனக்கு வேண்டியது வடக்குக் காயில். அதற்கு லிங்க்கைக் கிரவுண்டில் போடாமல் ஹாட்டோடு சேர்க்க வேண்டும். அப்போது ஹாட் பக்கத்துக் காயில் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகி ஒதுங்கிவிடும், கிரவுண்ட் பக்கத்துக் காயில் பேசும். ஃபேஸ் கெடாது. தாளில் படம் வரைந்து விரலால் பாதையைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் இது எனக்குத் தெளிவாகியது. அன்று மாலை முழுக்க அந்தத் தாளோடுதான் கழிந்தது.

ஸ்விட்சில் செய்தது

சாதாரண ஐந்து நிலை ஸ்விட்சில் இது அடங்காது. நாலு போல் (ஒரே பிடியில் சேர்ந்து நகரும் தனித்தனி ஸ்விட்சுகள்), ஐந்து நிலை உள்ள சூப்பர் ஸ்விட்சை வாங்கினேன். கால்கள் நெருக்கமாக இருக்கும், பள்ளத்தின் ஆழம் போதுமா என்று முதலிலேயே பாருங்கள். மூன்று போல் மூன்று பிக்கப்புக்கு, நாலாவது போல் ஹம்பக்கரின் லிங்க்குக்கு.

பிரிட்ஜிலிருந்து எண்ணினால், 1-ஆம் நிலை முழு ஹம்பக்கர். 2-இல் நடுவும் ஹம்பக்கரின் வடக்குக் காயிலும், அதாவது லிங்க் ஹாட்டுக்கு. 4-இல் நடுவும் நெக்கும். 5-இல் நெக் மட்டும். வழக்கப்படி 3-இல் நடுப் பிக்கப் தனியாக வரும். அதை நான் வாசிப்பதே இல்லை. அதற்குப் பதிலாக நெக்கையும் ஹம்பக்கரின் தெற்குக் காயிலையும் சேர்த்தேன், இங்கே லிங்க் கிரவுண்டுக்கு. நெக் வடக்கு, இது தெற்கு, ஆகவே ஹம் அழிகிறது. டெலிகாஸ்டரில் இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் வரும் அந்த அகலமான, வெளிச்சமான ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் பிடித்த மாற்றம் இதுதான். கார்டு அடித்துப் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும்போது இப்போது கை தானாக 3-க்குப் போகிறது.

வால்யூம் பொட் 500 கிலோஓம் போட்டேன். ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250 என்பது வழக்கம், ஏனென்றால் பொட்டின் மதிப்பு குறையக் குறைய மேல் அதிர்வெண் மேடு தட்டையாகும். 500-இல் நெக் பிக்கப் கண்ணாடி கீறுவது போல இருந்தது. ஆகவே நெக் பிக்கப்பின் ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 470 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். 500-உம் 470-உம் இணையாகச் சேர்ந்தால் 242 வரும். நெக் வரும் நிலைகளில் மட்டும் அது வேலை செய்யும், ஹம்பக்கர் தனியாக வரும்போது விலகியிருக்கும். ஒற்றை ரெசிஸ்டர், ஆனால் இரண்டு வகைப் பிக்கப்பும் ஒரே பொட்டில் நிம்மதியாக இருக்கின்றன.

டோன் பொட்டை இழுத்துத் தள்ளும் வகையாகப் போட்டேன், கபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட். மேலே இழுத்தால் 1-ஆம் நிலையில் பாதி ஸ்ப்ளிட். முழு ஸ்ப்ளிட்டில் சத்தம் அதிகம் விழுந்துவிடுகிறது, அடி ஒலியும் போய்விடுகிறது. லிங்க்கை நேராகக் கிரவுண்டில் போடாமல் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போட்டால், ஒதுக்கிய காயிலின் கீழ் அதிர்வெண்கள் கொஞ்சம் மிஞ்சும், மேல் அதிர்வெண்கள் பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கும். என்ன மதிப்பு என்று கண்டுபிடிக்க 10 கிலோஓம் பிரீசெட் (திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) ஒன்றை முதலைக் கிளிப்பில் மாட்டி வெளியே தொங்கவிட்டு, வாசித்தபடியே திருப்பிப் பார்த்தேன். காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தி அளந்தால் 2.3 கிலோஓம். 2.2 ரெசிஸ்டரை வைத்தேன்.

இதில் ஒரு தடுமாற்றம். முதலில் ரெசிஸ்டரை லிங்க்கோடு நேராக இணைத்திருந்தேன். நாப்பை மேலே இழுத்து 2-ஆம் நிலைக்குப் போனால் சத்தமே செத்துவிட்டது. அங்கே லிங்க் ஹாட்டோடு சேர்ந்திருக்கிறது அல்லவா, ஆக 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் முழு சிக்னலையும் கிரவுண்டுக்கு இழுத்துவிட்டது. தீர்வு எளிது. லிங்க்கை முதலில் நாப்பின் ஸ்விட்சுக்குக் கொண்டுபோய், கீழே இருந்தால் சூப்பர் ஸ்விட்சுக்கு, மேலே இருந்தால் ரெசிஸ்டருக்கு என்று ஏதாவது ஒரு வழி மட்டும் திறக்கும்படி மாற்றினேன். மூன்றாவது நாப்பை எதற்கும் இணைக்கவில்லை. யோசித்தால் ஏதாவது ஒரு வசதி அதில் வைத்திருக்கலாம். மேடையில் தொடமாட்டேன் என்று தெரிந்த ஒன்றுக்காக இன்னும் நாலு இடத்தில் ஈயம் வைக்க மனமில்லை.

ஈயம் வைப்பதில் பொட்டின் முதுகுதான் சிரமம் தரும் இடம். அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய முனையோடு நெடுநேரம் பிடித்தால் ஈயமும் ஒட்டாது, உள்ளே இருக்கும் தடமும் கெடும். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, அகலமான முனையை மாட்டி, இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிட வேண்டும். என் வால்யூம் கிரவுண்டில் ஓர் இணைப்பு மேலே பளபளக்காமல் சொரசொரவென்று இருந்தது. போகட்டும் என்று விட்டேன். இரண்டு நாளில் நாப்பைத் தொட்டால் கரகரவென்றது. உறிஞ்சி எடுத்து மறுபடி வைத்ததும் நின்றது.

பள்ளத்தில் செப்புத் தகடும் ஒட்டினேன். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், எல்லாத் துண்டும் கிரவுண்டோடு தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். விளக்கு டிம்மரிலிருந்து வரும் மெல்லிய சிணுங்கலை அது நன்றாகவே குறைத்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்த ஹம்மை அது தடுக்காது.

உயரம்

எல்லாம் முடிந்து தந்தி மாட்டிய பிறகு, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் செய்த வேலைதான் ஒலியை முழுதாக்கியது. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, துருவத்துக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மிமீ, மெல்லிய தந்திப் பக்கம் 2.0 மிமீ என்று தொடங்கினேன்.

நெக்கில் சிக்கல் வந்தது. ஆறாவது தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டில் வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்தது போல அலைந்தது, ட்யூனரின் முள்ளும் நிலைக்கவில்லை. இன்டோனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி பிசகாமல் இருப்பது) குறை என்று நினைத்து, பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலைத் திருப்பப் போனேன். பிறகுதான் காந்தம் நினைவுக்கு வந்தது. அல்னிகோ 5 வலுவான காந்தம், அதிலும் நெக் பக்கத்தில் தந்தி அகலமாக ஆடும். அருகில் இருந்தால் தந்தியைப் பிடித்து இழுத்து அதன் ஆட்டத்தையே கெடுத்துவிடும். அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை அரைத் திருப்பு, அரைத் திருப்பாக இறக்கிக்கொண்டே அதே சுரத்தை வாசித்தேன். 3 மிமீ தாண்டியதும் அலைச்சல் நின்று சுரம் ஒற்றையாக நிமிர்ந்தது. ஒலியும் முன்பைவிட இனிமையாகிவிட்டது. நடுப் பிக்கப்பை, பிக் அதில் மோதாத அளவுக்கு நன்றாகவே கீழே இறக்கினேன். 2, 4 நிலைகளின் மணி ஒலி அதனால் கெடவில்லை.

கடைசியாக, பிரிட்ஜை மற்ற இரண்டோடு சமப்படுத்தினேன். ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகச் செருகி, ஒரே கார்டை ஒரே பலத்தில் ஐந்து நிலையிலும் அடித்துப் பதிவு செய்து மீட்டரைப் பார்த்தேன். முதலில் வாங்கிய ஹம்பக்கரோடு பிரிட்ஜுக்கும் நெக்குக்கும் சுமார் 7 டெசிபல் இடைவெளி இருந்தது. இப்போது 2 டெசிபல். சோலோவுக்குப் பிரிட்ஜுக்குத் தள்ளும்போது அந்த 2 டெசிபல் எனக்கு வேண்டும், அதனால் அப்படியே விட்டேன்.

வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்கிப்போவது மட்டும் பாக்கி இருந்தது. பொட்டின் தடையும் கேபிளின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து செய்வது அது. 150 கிலோஓம் ரெசிஸ்டரும் 680 பிகோஃபாரட் கபாசிட்டரும் இணையாக, பொட்டின் உள்வழிக்கும் வெளிவழிக்கும் இடையே வைத்தேன். இப்போது ஆம்பைக் கனமான ஒலிக்கு வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூமை 5-க்கு இறக்கினால் ரிதத்துக்குத் தெளிவான ஒலி கிடைக்கிறது. காலால் பெடலைத் தேடும் வேலை பாதி குறைந்துவிட்டது.

டோன் நாப்பை இழுக்காதபோது, ஐந்து நிலையில் ஹம் மிஞ்சியிருப்பது 5-இல், நெக் தனியாக வரும்போது மட்டும். அங்கே ஹம்மை அழிக்கும் வகைப் பிக்கப்பைப் போடலாம்தான், எனக்கு இந்த ஒலியை விட மனம் வரவில்லை. ஆம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்று உடம்பை மெல்லத் திருப்பினால் ஹம் கிட்டத்தட்ட அடங்கிவிடும் கோணம் ஒன்று கிடைக்கும். மேடை ஏறியதும் முதலில் அந்தக் கோணத்தைத் தேடி வைத்துக்கொள்கிறேன், நெக்கில் சோலோ வரும்போது அங்கே போய் நின்று வாசிக்கிறேன்.